பங்காளி இல்லாத எண்

பல்லுக்காரர் பட்டறை எங்கே என்று கேட்டால் அந்தத் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்கள். அவர் வாயில் முன்பல் மூன்று கிடையாது. ஆனால் இல்லாத பல்லுக்காக வந்த பேர் இல்லை அது, வெட்டிக் கொடுத்த பல்லுக்காக வந்த பேர். மாவு மில்லோ அச்சகமோ, எந்த இயந்திரத்தில் சக்கரத்துப் பல் உடைந்தாலும் நாலு இடம் அலைந்துவிட்டுக் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர். தாண்டினால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவர் எட்டிப் பார்த்ததும் இல்லை. படித்தவன் வட்டத்தைக் காகிதத்தில் பிரிப்பான். தப்பினால் அழித்துவிட்டு மறுபடி பிரிப்பான். வெண்கலத்தில் வெட்டியதை எந்த ரப்பர் அழிக்கும்?

அவருக்கு ஒரு தம்பி. ஒரே கூரையின் கீழ், ஒரே கூடத்தில், நடுவில் ஒரு செங்கல் சுவர் வைத்து அந்தப் பக்கம் தம்பி பட்டறை, இந்தப் பக்கம் அண்ணன் பட்டறை. சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். கூரையைத் தொடாது. அதனால் முகம் தெரியாது, பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கும். பதினோரு வருஷமாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று தெருவில் சொல்வார்கள். அது தப்பு. நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அண்ணன் எண்ணெய்க் குவளையைப் பார்த்துச் சொல்வார், தம்பி துடைக்கிற துணியைப் பார்த்துப் பதில் சொல்வார். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு எல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

சண்டை வந்ததும் ஒரு பல்லால்தான். ஒரு அச்சகத்துக்கு அறுபத்தொரு பல் சக்கரம் கேட்டிருந்தார்கள். அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்த நேரம். தம்பி, அறுபத்தொன்று பிரிக்க வராத எண், ஒரு பல்தானே என்று அறுபது வெட்டி, அதில் அண்ணனுடைய முத்திரையையும் அடித்து அனுப்பிவிட்டார். இரண்டாம் நாள் அச்சகக்காரர் சக்கரத்தைத் தெருவில் தூக்கி எறிந்தார். அண்ணன் காய்ச்சலோடு எழுந்து வந்தார். முத்திரையைப் பார்த்தார். நாலு பேர் நிற்கிற நடுத்தெருவில் தம்பி கன்னத்தில் ஒரு அறை விட்டார். அறுபது வெட்டினதை அண்ணன் மறக்கவில்லை, அறையைத் தம்பி மறக்கவில்லை.

பாகம் பிரிக்க வந்த தாய்மாமன் தன்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தார். பல் வெட்டுவதற்கு டிவைடிங் ஹெட் என்று ஒன்று உண்டு. பட்டறையில் அதைத் தலை என்பார்கள். அதன் கைப்பிடியை நாற்பது சுற்றுச் சுற்றினால் மாட்டியிருக்கிற சக்கரம் ஒரே சுற்றுச் சுற்றும். கைப்பிடிக்குப் பின்னால் வட்ட வட்டமாக ஓட்டை போட்ட தட்டு நிற்கும். கைப்பிடியின் முள் அந்த ஓட்டையில் போய் உட்கார வேண்டும். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் எத்தனை ஓட்டை தாண்டுவது என்பதுதான் கணக்கு. மாமன் என்ன செய்தார் என்றால், தலையை மூத்தவனுக்கும் தட்டு மூன்றையும் இளையவனுக்கும் கொடுத்துவிட்டார். தட்டு இல்லாத தலை, தலை இல்லாத தட்டு. ஒருத்தருக்கு ஒருத்தர் தேவைப்பட்டால் நாலு நாளில் பேசிக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. பெரிய லேத் இளையவனுக்கு, சின்ன லேத்தும் பல் வெட்டுகிற மில்லிங் இயந்திரமும் மூத்தவனுக்கு.

மாமன் கணக்கு மண்ணாய்ப் போனது. தம்பி ஒரே மாதத்தில் வேறொரு தலையும் ஒரு மில்லிங்கும் வாங்கிவிட்டார். அண்ணன் தட்டு வாங்கவில்லை. "என் தலைக்கு எவன் தட்டும் வேண்டாம்" என்று எண்ணெய்க் குவளையிடம் சொல்லிவிட்டு, தட்டைத் தானே செய்ய உட்கார்ந்தார். மெல்லிய இரும்புத் தகட்டை நாடா மாதிரி வெட்டுவார். அதில் ஓட்டை குத்த ஒரு குத்தூசி செய்தார். அதில் ஊசி இரண்டு. ஒன்று முந்தின ஓட்டையில் உட்காரும், மற்றது மூன்று மில்லி தள்ளி அடுத்த ஓட்டையைக் குத்தும். அப்படியே நடந்து போக வேண்டியதுதான். வேண்டிய அளவு குத்தியதும், வட்டமான மரக்கட்டை ஒன்றை லேத்தில் கடைந்து, நாடாவை அதன்மேல் சுற்றி, கடைசி ஓட்டை முதல் ஓட்டை மேல் அச்சாக வந்து உட்காரும்வரை கட்டையை மயிரிழை மயிரிழையாகக் குறைப்பார். உட்கார்ந்ததும் ஆணி அடித்தால் நாடா வளையமாகிவிடும், தட்டு தயார். வளையத்தில் சின்னப் பிசகு இருந்தாலும் சக்கரத்துக்கு வரும்போது நாற்பதில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும்.

வாங்கின தட்டில் ஐம்பதுக்குள் உள்ள எண்கள்தான் பெரும்பாலும் வரும். அவர் வளையத்தில் எந்த எண்ணும் வரும். ஆசையில் கற்ற தொழிலை விட ஆத்திரத்தில் கற்ற தொழில் ஆழமாக இறங்கும். பதினோரு வருஷத்தில் அவர் பட்டறைச் சுவரில் முப்பத்திரண்டு வளையம் தொங்கியது.

அந்தச் சமயத்தில்தான் வானத்து வாத்தியார் வந்தார். கல்லூரியில் நட்சத்திரப் பாடம் எடுப்பவர். மொட்டை மாடியில் ஒரு பெரிய தொலைநோக்கியைத் தன் கையாலேயே கட்டியிருந்தார். முதலில் அவர் போனது தம்பி பட்டறைக்கு. முந்நூற்று ஐம்பத்தொன்பது பல் கேட்டார். தம்பி பழைய வழக்கப்படி, "சார், முந்நூத்து அறுபது நல்ல எண். வட்டத்துக்கே அதுதான் எண்" என்று சொல்லி முந்நூற்று அறுபதாகவே வெட்டிக் கொடுத்தார். வாத்தியாரும் மாட்டிப் பார்த்தார். நட்சத்திரம் எடுக்கிற படத்தில் புள்ளியாக விழாமல் கோடாக இழுத்தது. வேறு ஒரு வெண்கலச் சக்கரம் வார்த்து, கடைந்து எடுத்துக்கொண்டு, இதுதான் கடைசிச் சக்கரம், இன்னொன்று வார்க்கக் காசில்லை என்று சொல்லிக்கொண்டே இந்தப் பக்கம் வந்தார்.

பல்லுக்காரர் காரணம் கேட்டார். எதற்கு என்று தெரியாமல் அவர் எதையும் வெட்டியதில்லை. வாத்தியார் சொன்னது இது. சக்கரத்தை ஓட்டுகிற திருகுத்தண்டு நாலு நிமிஷத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும். ஒரு நாளில் முந்நூற்று அறுபது நாலு நிமிஷம் இருக்கிறது. ஆனால் நட்சத்திரம் சூரியனுக்கு நாலு நிமிஷம் முந்தியே பழைய இடத்துக்கு வந்துவிடும். அதற்கு முந்நூற்று ஐம்பத்தொன்பது நாலு நிமிஷம்தான். அறுபது போட்டால் சூரியனுக்குச் சரி, நட்சத்திரத்துக்குச் சரியில்லை.

பல்லுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டால் போகாது. மூன்று, ஐந்து, ஏழு போகாது. பதினொன்று, பதிமூன்று, பதினேழு போகாது. பத்தொன்பதைப் பத்தொன்பதால் பெருக்கினால் முந்நூற்று அறுபத்தொன்று, எண்ணைத் தாண்டிவிட்டது. அதற்குமேல் தேட வேண்டியதில்லை. ஏதாவது பெரிய எண்ணால் போவதாக இருந்தால் அதன் ஜோடி சின்னதாக இருந்து இதற்குள் சிக்கியிருக்கும். இந்த வித்தையை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெட்டி வெட்டிக் கண்டது.

இதற்குப் பகா எண் என்று பேர் என்றார் வாத்தியார்.

"நீங்க என்ன பேரு வேணா வையுங்க சார். நான் பங்காளி இல்லாத எண்ணுன்னு சொல்வேன்" என்றார் பல்லுக்காரர், குரலைச் சுவருக்குமேல் ஏற்றி. "முந்நூத்து அறுபதுக்கு எத்தனை பங்காளி பாருங்க. ரெண்டு வருவான், மூணு வருவான், அஞ்சு, எட்டு, பன்னெண்டு, எல்லாவனும் பாகம் கேட்டு வந்து நிப்பான். இவனுக்கு ஒருத்தனும் இல்ல. கொடுத்து வெச்சவன்."

சுவருக்கு அந்தப் பக்கம் லேத் நின்றது. தம்பி துணியிடம் பேசினார். தட்டில்லாத தலையை வைத்துக்கொண்டு சிலருக்கு வாய் மட்டும் வட்டமாக ஓடுகிறது, ஐம்பத்தொன்பதாவது ஒன்றாவது, கடைசியில் அவரும் அறுபதுதான் வெட்டப் போகிறார் என்றார்.

அங்கேதான் பல்லுக்காரர் வாயை விட்டார்.

"சார், நீங்களே சாட்சி. இந்தச் சக்கரம் என் கையால முந்நூத்து ஐம்பத்தொன்பது பல்லோட வரலைன்னா, இந்தத் தலையைக் கழட்டிப் பக்கத்துல இருக்கிறவன் வாசல்ல வெச்சிட்டு, போர்டையும் இறக்கிடறேன்."

வாத்தியார் பாவம், சாட்சி சொல்ல வந்தவர் இல்லை. தலையை ஆட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து வருவதாகச் சொல்லிப் போனார். தலை போனால் பல் இல்லை, பல் இல்லாவிட்டால் பல்லுக்காரர் என்று எவன் கூப்பிடுவான்?

மறுநாள் காலையிலேயே நாடாவில் ஓட்டை குத்த உட்கார்ந்தார். எண்ணிக்கைக்கு அவர் மனைவி. ஒரு ஓட்டை குத்தினால் தகர டப்பாவில் ஒரு வாஷரைப் போடுவார், வாயாலும் எண்ணுவார். இத்தனை வருஷமும் அந்த டப்பா தப்பியதில்லை. அந்தம்மாள் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் தம்பியும் எண்ண ஆரம்பித்தார். இங்கே நூறு என்றால் அங்கே, "முந்நூத்து அறுபதுக்கு இன்னும் இருநூத்து அறுபது" என்பார். இங்கே இருநூறு என்றால் அங்கே, "அறுபதுக்கு இன்னும் நூத்தி அறுபது." பாட்டு மாதிரியே இழுத்துச் சொன்னார். பல்லுக்காரருக்குக் காது கொதித்தது.

மனைவி முந்நூற்று ஐம்பத்தொன்பது என்றதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏங்க, எப்பவும் கடைசியில ஒண்ணு கூடப் போடுவீங்களே?" என்றார் அந்தம்மாள்.

"இன்னும் ஒண்ணு போட்டா எத்தனைடி வரும்?"

"முந்நூத்து அறுபது."

"அந்த எண்ணு இந்தப் பக்கம் வரக் கூடாது. எந்திரிச்சுப் போ."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினது அந்த இடத்தில்தான். நாடாவைச் சுற்றி வளைத்தால் கடைசி ஓட்டை முதல் ஓட்டை மேல் ஏறிவிடும், இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால்தான் முப்பத்திரண்டு வளையத்துக்கும் ஒவ்வொரு ஓட்டை கூடுதலாகப் போட்டவர். ஐம்பத்தொன்பது வேண்டுமென்றால் அறுபது குத்தியே ஆக வேண்டும். தம்பியின் எண்ணைத் தொடாமல் தன் எண்ணுக்குப் போக வழியில்லை. அது அவருக்குத் தெரியாததா? தெரியும். அன்றைக்குக் கை கேட்கவில்லை. கட்டையும் காட்டிக் கொடுக்கவில்லை. நாடா எவ்வளவோ அவ்வளவுக்குத்தானே அதைக் கடைகிறோம்? வளையம் அழகாக உட்கார்ந்தது. அதில் இருந்தது முந்நூற்று ஐம்பத்தெட்டு ஓட்டை.

தலையில் மாட்டினார். ஆரம்ப ஓட்டையைச் சுற்றிச் சிவப்புச் சாயம் வைத்தார். அது அவர் பழக்கம். நாற்பது நாற்பது ஓட்டையாகத் தாண்டிப் போனால், பங்காளி இல்லாத எண்ணில் முள் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரே ஒரு தடவை உட்காரும். ஒன்றை விடாது, ஒன்றில் இரண்டு தடவை உட்காராது, எல்லா வீட்டையும் பார்த்து முடித்த பிறகுதான் சிவப்புக்குத் திரும்பும். முதலில் லேசாகக் கீறிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் சரிபார்ப்பது எல்லாரும் செய்வது. பல்லுக்காரர் அன்று கீறவில்லை. தம்பி காதில் முழு வெட்டு விழ வேண்டும் என்று முழு ஆழத்துக்கே இறக்கினார்.

ஒரு பல். நாற்பது ஓட்டை. முள் விழும் சத்தம், 'டக்'. அடுத்த பல். டப்பாவில் வாஷர். அன்றைக்கெல்லாம் அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. இரண்டாம் நாள் மதியம், கைப்பிடியைச் சுற்றி முள்ளை விட்டார். 'டக்' என்று உட்கார்ந்தது. குனிந்து பார்த்தார். முள்ளைச் சுற்றிச் சிவப்பு.

மனைவி டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். நூற்று எழுபத்தொன்பது. சக்கரத்தில் பாதி. பங்காளி இல்லாத எண் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பாது. இது திரும்பிவிட்டது. அப்படியென்றால் இதற்கு இரண்டு என்று ஒரு பங்காளி இருக்கிறான். இரண்டு நூற்று எழுபத்தொன்பது முந்நூற்று ஐம்பத்தெட்டு. பல்லுக்காரருக்கு அதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மெதுவாக வந்தது. ஒன்றரை நாளாக லேத்தை நிறுத்திவிட்டு 'டக்' எண்ணிக்கொண்டிருந்த குரல்.

"நூத்தி எழுபத்தொன்பதோட நின்னுபோச்சே. கொடுத்து வெச்சவனுக்குப் பங்காளி வந்துட்டான் போல."

அறுபது வெட்டினவன் மண்டு என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தோமே, மண்டு இல்லை அவன், சோம்பேறிதான் என்று பல்லுக்காரருக்கு அப்போது உறைத்தது. தம்பிக்கும் கணக்குத் தெரிந்திருக்கிறது. அது அவருக்கு இன்னும் கசந்தது.

ஒரு வழி இருந்தது. வெட்டின பல் ஆழத்துக்குச் சக்கரத்தைச் சுற்றிலும் கடைந்து எடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சின்னப் பல்லாக முதலிலிருந்து வெட்டலாம். திருகுத்தண்டையும் அதற்கு ஏற்றபடி புதிதாகச் செய்துகொள்ளலாம். ஆனால் சக்கரம் ஒன்றரை அடி. அவர் சின்ன லேத்தில் ஏறாது. ஊரில் பெரிய லேத் வைத்திருப்பவர்கள் நாலு பேர். அதில் மூன்று பேரை அவர் ஏற்கெனவே மூன்று விதமாகத் திட்டி முடித்திருந்தார். மிச்சம் ஒருவன் சுவருக்கு அந்தப் பக்கம்.

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். "தலை போறதை விட ஒரு நடை போறது பெரிசு இல்ல." பல்லுக்காரர் டீயைக் குடிக்கவில்லை. சக்கரத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அவர் வாசலிலிருந்து தம்பி வாசலுக்குப் பதினாலு அடி. பதினோரு வருஷம் நடக்காத பதினாலு அடி.

தம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. முன்பின் தெரியாத வாடிக்கைக்காரனைக் கேட்பது மாதிரி, "என்ன வேலை?" என்றார்.

"சுத்தி ரெண்டு மில்லி கடையணும்."

"எதுக்கு?"

"பல்லு தப்பிப்போச்சு."

"யாரு வெட்டினது?"

பல்லுக்காரர் லேத்தைப் பார்த்தார். மேற்கூரையைப் பார்த்தார். "நான்தான்."

"எத்தனை?"

"முந்நூத்து ஐம்பத்தெட்டு."

தம்பி அதை வாயில் போட்டு மென்று பார்ப்பவர் மாதிரி ஒரு முறை திருப்பிச் சொன்னார். சக்கரத்தை வாங்கி லேத்தில் ஏற்றினார். அண்ணன் பிடிக்கக் கை நீட்டியபோது, "தொடாதே" என்றார். அண்ணே, நீங்க என்று பழகிய வாய் அது. ஒரு மணி நேரம் கடைந்தார். சுத்தமான வேலை. அதைச் சொல்லத்தான் வேண்டும், பொய் சொல்லக்கூடாது. வெண்கலத் துருவல் பாதிப் பல்லோடு சேர்ந்து சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது.

முடிந்ததும் பல்லுக்காரர் நேராகக் கேட்டார். "தலையைக் கொண்டாந்து வெக்கவா?"

"தலை எனக்கு எதுக்கு? தலை எந்தக் கடையிலயும் கிடைக்கும்" என்றார் தம்பி. "அந்த வளையத்தைக் குடு. உன் தப்பு எந்தக் கடையில கிடைக்கும்?"

பல்லுக்காரர் போய் வளையத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, தம்பி கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் புது நாடா. மனைவி எண்ண, அவர் குத்தினார். முந்நூற்று ஐம்பத்தொன்பது வந்தது. அந்தப் பக்கம் பாட்டு இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பல்லுக்காரர் சுத்தியலை ஓங்கி முந்நூற்று அறுபதாவது ஓட்டையை அடித்தார். அந்தம்மாளும் எண்ணைச் சத்தமாகவே சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி சிரித்த சிரிப்பு கூரைத் தகரத்தில் பட்டு இரண்டாகத் திரும்பி வந்தது.

இந்தத் தடவை முதலில் லேசாகக் கீறிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். பிறகு முழு வெட்டு. பாதியில் சிவப்பு வரவில்லை. முள் சிவப்புக்குப் பக்கத்து ஓட்டையில் உட்கார்ந்தது, அந்தப் பக்கத்து ஓட்டையில் உட்கார்ந்தது, எல்லாவற்றிலும் உட்கார்ந்தது, சிவப்பை மட்டும் தொடவில்லை. டப்பாவில் கடைசி வாஷர் விழுந்தபோதுதான் அதில் போய் உட்கார்ந்தது. வாத்தியார் சக்கரத்தை வாங்கிப் போய் மாட்டி, பத்து நாள் கழித்து ஒரு படம் கொண்டுவந்து காட்டினார். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள். ஒன்றாவது கோடாக இழுத்திருக்க வேண்டுமே, இல்லை. பல்லுக்காரர் அதைப் பட்டறை வாசலில் தெருவைப் பார்த்து ஒட்டினார்.

தம்பியும் சும்மா இருக்கவில்லை. தன் வாசலில் ஒரு ஆணி அடித்து, அந்த வளையத்தை மாட்டி, கீழே பலகையில் எழுதி வைத்தார்: 'அண்ணன் போட்ட ஐம்பத்தொன்பது. எண்ணிப் பார்க்கவும்.' வருகிறவர் போகிறவர் எல்லாம் எண்ணினார்கள். ஐம்பத்தெட்டு என்று சிரித்துவிட்டு, அடுத்த வாசலில் இருக்கும் படத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். பல்லுக்காரர் காலையில் கதவு திறக்கும்போது அந்த ஆணியைப் பார்க்காமல் திறக்க முடியாது. முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு திறந்தார், நாலு மாசம்.

ஐந்தாம் மாசம் ஒரு நாள் திறக்கும்போது ஆணி வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கம் 'டக்', 'டக்' என்று முள் விழுந்துகொண்டிருந்தது. பல்லுக்காரர் நின்று கேட்டார். ஒரு வாடிக்கைக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார், நூல் மில்காரர். என்ன சக்கரம் என்று அவரிடம் விசாரித்தார். நூற்று எழுபத்தொன்பது பல் என்றார் அவர்.

நூற்று எழுபத்தொன்பது. அதுவும் பங்காளி இல்லாத எண்தான். தம்பியின் மூன்று தட்டில் எதிலும் அது வராது. ஆணியில் தொங்கின முந்நூற்று ஐம்பத்தெட்டு ஓட்டை வளையத்தில் எண்பது எண்பதாகத் தாண்டினால் வரும். தம்பியிடம் இருக்கிற வேறு எதிலும் வராது. இந்தத் தடவை நூற்று எண்பது வெட்டிக் கொடுக்காமல், கேட்ட எண்ணையே வெட்டுகிறான் பயல்.

பல்லுக்காரர் உள்ளே போய் எண்ணெய்க் குவளையை எடுத்து மேசை நடுவில் வைத்தார். குரலைச் சுவருக்குமேல் ஏற்றினார்.

"என் தப்பே அவனுக்குச் சோறு போடுது பாத்தியா? என் சரியைக் கையில குடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பானோ."

அந்தப் பக்கம் முள் விழுவது ஒரு நொடி நின்றது. துணிக்கு ஏதாவது சொல்வார் என்று பல்லுக்காரர் காத்திருந்தார். 'டக்' என்று அடுத்த ஓட்டையில் விழுந்தது.

அன்றையிலிருந்து பல்லுக்காரர் காலையில் கதவு திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. நேராக அந்த ஆணியைத்தான் பார்க்கிறார். வளையம் தொங்கினால் ஒரு துப்புத் துப்பிவிட்டு உள்ளே போவார். ஆணி வெறுமையாக இருந்தால் அன்றைக்கு இரண்டு டீ.